பொருள்: 'ஒரே இறைச்சி' என்று எழுதிய பைக்குள் கோழி எப்படி வந்தது?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது உங்களுக்கு நான் எழுதும் 3-வது கடிதம். முதல் இரண்டுக்கும் வந்த பதில்களைப் பார்த்தால் அவற்றை யாரும் முழுசாகப் படிக்கவில்லை என்று தெரிகிறது, அதனால் இந்த முறை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு நாய்களுக்கென்று நீங்கள் விற்கும் செம்மறி உணவுப் பையின் முன்பக்கம் "ஒரே இறைச்சி, ஒவ்வாமை உள்ள நாய்களுக்கு ஏற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உள்ளே கோழியும் இருக்கிறது. என் நாய்க்குக் கோழி ஆகாது.

பொம்மி ஷிட்ஸூ இன நாய், 4 வயது, எடை 5 கிலோ. போன வருடம் முழுக்க அவள் தன் பாதங்களை நக்கிக்கொண்டே இருந்தாள். சும்மா நக்குவது இல்லை, ராத்திரி 2 மணிக்கு நாம் எழுந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தால் அப்போதும் 'சளக் சளக்' என்று சத்தம் வரும், அந்த மாதிரி. எச்சிலில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி பட்டுப் பட்டு வெள்ளைப் பாதம் நான்கும் துரு நிறத்துக்குப் போய்விட்டன. அப்புறம் காது. ஒரு காது ஆறினால் அடுத்த காது சிவக்கும், கிட்ட போனால் புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. அது ஈஸ்ட் தொற்று என்று டாக்டர் சொன்னார், சொட்டு மருந்து தந்தார், சரியானது, மூன்றே வாரத்தில் திரும்ப வந்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டார், ஏனென்றால் தெள்ளுக்கடி ஒவ்வாமையும் இப்படித்தான் அரிக்கும், ஒன்றிரண்டு பூச்சி கடித்தாலே போதும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். காதையும் பாதத்தையும் பிடித்திருந்த ஈஸ்ட்டை ஒழித்தார். இவ்வளவுக்கும் பிறகும் அரிப்பு நிற்காததால்தான் உணவுச் சோதனைக்கு வந்தோம். இணையத்தில் ரத்தம், எச்சில், முடி என்று எதை அனுப்பினாலும் ஒவ்வாமை என்னவென்று சொல்கிறோம் என்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டேன், உணவு ஒவ்வாமைக்கு அவற்றை நம்ப முடியாது, ஒரே வழி 8 வாரம் ஒரே உணவைக் கொடுத்துப் பார்ப்பதுதான் என்று சொல்லிவிட்டார். அதுவும் அவள் பிறந்ததிலிருந்து சாப்பிடாத ஒரு இறைச்சியாக இருக்க வேண்டும். பொம்மி குட்டியிலிருந்தே கோழி உணவில் வளர்ந்தவள், செம்மறி அவள் வாயில் பட்டதே இல்லை.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். புரதத்தை உடலால் அடையாளம் காண முடியாத அளவுக்குத் துண்டு துண்டாக உடைத்துச் செய்யும் மருத்துவ உணவு ஒன்றைத்தான் டாக்டர் முதலில் எழுதித் தந்தார். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் உணவுகளில் பையில் எழுதாத இறைச்சியும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்று எச்சரிக்கவும் செய்தார். ஆனால் அந்த உருண்டைகள் பொம்மியின் வாய்க்குப் பெரியவை, கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டாள். உங்கள் உணவு சின்னச் சின்ன உருண்டையாக இருந்தது, முன்பக்கத்தில் 'ஒரே இறைச்சி' என்று வேறு இருந்தது. நான் முன்பக்கத்தை நம்பினேன்.

முதல் பை 3 கிலோ. அவளுக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் என்பதால் 35 நாள் வந்தது. அந்த 35 நாளும் பிஸ்கட் கிடையாது, எலும்பு கிடையாது, கோழிச் சுவை கலந்த பற்பசையை நிறுத்தினோம், மாதாமாதம் கொடுக்கும் மென்று தின்னும் புழு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுச் சுவை சேர்க்காத மருந்தாக மாற்றினோம். அரிப்புக்குக் கொடுத்து வந்த அரை மாத்திரையை 3-வது வாரத்தோடு நிறுத்தினோம், அது இருந்தால் உணவு வேலை செய்கிறதா மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியாது. மாத்திரை இல்லாமலே 4-வது வாரம் நக்குவது பாதியாகக் குறைந்தது. 5-வது வாரம் பாதத்து முடியின் அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன், நாய் வளர்க்காதவர்களுக்குக்கூட.

36-வது நாள் உங்கள் 2-வது பையைப் பிரித்தோம். 39-வது நாள் ராத்திரி மறுபடியும் 'சளக் சளக்'.

ஒரு வாரத்துக்குள் வலது காது சிவந்துவிட்டது. வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார், எல்லா வீட்டிலும் அதுதானே நடக்கும். நான் நேராக வீட்டுக்கு வந்து என் மாமனாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சாப்பிடும்போது பொம்மி அவர் காலடியில்தான் உட்கார்ந்திருப்பாள். "மாமா, உண்மையைச் சொல்லுங்க, என்ன குடுத்தீங்க?" என்று கேட்டேன். ஒன்றும் கொடுக்கவில்லை என்றார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் நாயைவிட மனிதர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

48-வது நாள், குப்பையில் போடாமல் வைத்திருந்த முதல் பையையும் 2-வது பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் ஒரே மாதிரி, அதே படம், அதே வாசகம். பின்பக்கம், என் மூக்குக்கண்ணாடியையும் மீறிய பொடி எழுத்தில், முதல் பையில் 'செம்மறிக் கொழுப்பு' என்று இருந்தது, 2-வது பையில் 'விலங்குக் கொழுப்பு, இயற்கைச் சுவையூட்டி' என்று மாறியிருந்தது. என்ன விலங்கு? எதிலிருந்து வந்த சுவை? உடனே சோதனையை நிறுத்திவிட்டு உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன்.

உங்கள் பதில் 9 நாள் கழித்து வந்தது. கொழுப்பு வரத்தைப் பொறுத்து மாறும், சுவையூட்டி "உயர்தரக் கோழி ஈரலிலிருந்து" தயாரிக்கப்படுகிறது, கொழுப்பில் புரதம் இல்லாததால் ஒவ்வாமை வராது, இதுதான் அதன் சாரம். கொழுப்பு விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை, நன்றாகச் சுத்திகரித்த கொழுப்பில் புரதம் மிகக் குறைவு என்று டாக்டரும் சொன்னார். ஆனால் கோழி ஈரல் சாறு? அது புரதம்தானே, ஐயா? உருண்டை ஒவ்வொன்றின் மேலும் அதைத்தானே தெளிக்கிறீர்கள்? நாய்க்கு வாசனை பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பதை இறைச்சிக் கணக்கில் எழுத வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? அதே கடிதத்தின் கடைசியில் வருத்தம் தெரிவித்து எனக்கு ஒரு கூப்பன் அனுப்பியிருந்தீர்கள். எதற்கு என்று பார்த்தால், உங்கள் கோழி வகை உணவுக்கு. வீட்டில் அதை வாசித்துக் காட்டினேன், மாமனார் அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

என் 2-வது கடிதத்துக்கு நீங்கள் தந்த பதில், பருவம் மாறுவதாலும் இப்படி அரிக்கலாம் என்பது. அரிக்கலாம்தான். மகரந்தத்துக்கும் தூசிப்பூச்சிக்கும் ஒவ்வாமை உள்ள நாய்கள் நிறைய, ஷிட்ஸூ அதற்குப் பேர் போன இனம் வேறு. அதனால்தான் நாங்கள் விடாமல் பரிசோதித்தோம். மருத்துவ உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தோம் (இதை முதலிலேயே செய்திருக்கலாம், யோசனை வரவில்லை), 8 வாரம் முழுசாக, முதல் நாளிலிருந்து மறுபடியும். அரிப்பு நின்றது, காது சுத்தமானது. அப்புறம் டாக்டர் சொன்னபடி உப்பு மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழியைக் கொஞ்சம் கொடுத்தோம், 2-வது நாளே பாதம் நக்க ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தி, 2 வாரம் ஆறவிட்டு, ஃப்ரீசரில் காற்றுப் புகாமல் வைத்திருந்த உங்கள் 2-வது பையிலிருந்து 3 நாள் கொடுத்தோம். அதே கதை. வேண்டுமென்றே அவளை அரிக்கவிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் அது இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த 3 நாளும் வெளியில் பருவம் அப்படியேதான் இருந்தது.

இன்னொரு விஷயம். உங்கள் பையின் முன்பக்கத்தில் 'தானியம் இல்லாதது' என்பதற்குத்தான் மிகப் பெரிய எழுத்து. உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளை 2016-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். அதில் மாட்டிறைச்சி ஆகாத நாய்கள் 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, அதற்கும் கீழேதான் கோதுமை, 13. செம்மறியும் 5 சதவீதம் இருக்கிறது. அதாவது ஒவ்வாமை தராத இறைச்சி என்று இயற்கையில் எதுவும் இல்லை, அந்த நாய் இதுவரை சாப்பிடாத இறைச்சி என்பதுதான் கணக்கு. அப்படியிருக்க, ஒவ்வாமை நாயின் சொந்தக்காரருக்கு உண்மையில் தெரிய வேண்டிய கோழியைப் பின்பக்கப் பொடி எழுத்தில்கூடப் பெயர் சொல்லாமல் 'இயற்கை' என்று மறைத்துவிட்டு, தானியத்தை மட்டும் வீர வசனம் மாதிரி முன்னால் போடுவது என்ன நியாயம்?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 'விலங்குக் கொழுப்பு', 'இயற்கைச் சுவையூட்டி' என்று எழுதும் இடத்தில் எந்த விலங்கு என்று பெயர் போடுங்கள். உள்ளடக்கம் மாறினால் பையின் முன்பக்கத்திலேயே 'சேர்மானம் மாறியுள்ளது' என்று அச்சிடுங்கள், ஒரே படத்தைப் பார்த்துப் பழகியவர் பின்பக்கத்தைத் திருப்பவே மாட்டார், நான் திருப்பவில்லை. கோழி உணவு தயாராகும் அதே இயந்திரத்தில்தான் இதுவும் தயாராகிறதா, நடுவில் கழுவுகிறீர்களா என்று நேராகப் பதில் சொல்லுங்கள், இதை இரண்டு கடிதத்திலும் கேட்டுவிட்டேன். இது எதுவும் முடியாது என்றால் 'ஒரே இறைச்சி' என்ற வார்த்தையையும் 'ஒவ்வாமை உள்ள நாய்களுக்கு ஏற்றது' என்ற வார்த்தையையும் எடுத்துவிடுங்கள். நல்ல உணவு, சுவையான உணவு, எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

பையின் பணத்தைத் திருப்பித் தர முன்வந்திருக்கிறீர்கள், சரி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் போனது அது மட்டும் இல்லை. 48 நாள் சோதனை வீண், திரும்ப முதலிலிருந்து 8 வாரம், ஒரு காதுத் தொற்று, அதற்கான மருந்து, இவற்றின் ரசீதுகளை இணைத்திருக்கிறேன். இரண்டு பைகளின் பின்பக்கப் படங்களும் தயாரிப்பு எண்ணும் இணைப்பில் உண்டு. மாமனாரிடம் என் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது.

2-வது பையில் மீதி ஒன்றரை கிலோவுக்கு மேல் ஃப்ரீசரில் அப்படியே இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள், பாதியைத் தருகிறேன். மறுபாதி என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொம்மியின் அம்மா