நாலு மணி நேரம்தானே என்கிறாய்

அன்பு நண்பா,

நலம்தானே? பேத்திக்குக் கல்யாணம் கூடிவந்ததில் எங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம். வீட்டில் இப்போதே புடவைப் பேச்சு தொடங்கிவிட்டது.

"விமானத்தில் நாலு மணி நேரம்தானே, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ" என்று எழுதியிருக்கிறாய். உனக்கென்ன, லால்குடிக்காரன்! திருச்சி விமான நிலையம் உனக்குப் பக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து அல்லவா கிளம்ப வேண்டும்?

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். மணிக்கு 800க்கு மேல் பறக்கிற விமானத்துக்கு மூன்றேகால் மணி நேரமே போதும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து நாலு. சரி, அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் ஊரிலிருந்து அந்த விமான நிலையத்துக்கே 280 கிலோமீட்டர் போலிருக்கிறதே! ஈப்போவில் நெடுஞ்சாலை ஏறி, தாப்பா, தஞ்சோங் மாலிம் தாண்டி, கோலாலம்பூரையும் கடந்து விமான நிலையம் இருக்கிற சிப்பாங் போய்ச் சேர மூன்றரை மணி நேரம். பெருநாள் சமயமென்றால் தஞ்சோங் மாலிம் பக்கம் காடி நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் வேறு நிற்க வேண்டும். விமானத்தில் கால் வைக்கும் முன்பே ஆறேழு மணி நேரம் போய்விடுகிறது.

சீட்டில் போட்டிருக்கிற நேரத்தை நம்பி யாரும் கணக்குப் போடக் கூடாது. இங்கே காலை 9 மணிக்கு ஏறினால் அங்கே 10.30க்கு இறங்குவதாக இருக்கும். திரும்பும்போது 11.30க்கு ஏறினால் இங்கே மாலை 6 மணி. நம் கடிகாரம் உங்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீ இங்கே இருந்த காலத்தில் இரண்டு மணி நேரம்தான். 1982 தொடக்கத்தில் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள்.

பினாங்கு வழியாக வந்தால் என்ன என்று மகன் கேட்கிறான். அந்த விமான நிலையம் எங்களுக்குப் பாதித் தூரம்தான். ஆனால் சென்னையில் இறங்கி, திருச்சிக்கு மறுபடி 300 கிலோமீட்டருக்கு மேல் ரயில். இங்கே மிச்சம் பிடித்ததை அங்கே கட்டிவிட வேண்டியதுதான்.

குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, உங்கள் குடும்பம் பினாங்கில் ராஜூலா கப்பல் ஏறியதே, நாகப்பட்டினம் சேர ஒரு வாரம் ஆயிற்று என்று எழுதியிருந்தாய். இப்போது வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால், விமானப் பாதை ஆச்சே முனையை ஒட்டிப் போய், வங்கக் கடலைத் தாண்டி, கோடியக்கரைப் பக்கம்தான் கரை ஏறுகிறது. நீ போய் இறங்கிய கரைக்கு ரொம்பத் தூரமில்லை. ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கலாமென்று இருக்கிறேன்.

நம் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை; எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தையும் இடித்தாகிவிட்டது. மற்றதை நேரில் பேசலாம்.

முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று உடனே எழுது. விடியற்காலை என்றால் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். முழங்கால் முன்போல் இல்லை, மாடி அறை வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்