ஆல்ஃபிரட்டும் அவர் பேரனும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, இங்கிலாந்து முழுமைக்கும் முதல் மன்னர் ஆல்ஃபிரட் என்கிறது. 878-இல் எடிங்டனில், படையெடுத்து வந்த வைக்கிங்குகளான டேனியரை வென்றவர்தான். ஆனால் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கேயும் நடு இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு மேற்குப் பகுதியிலுமே அவர் ஆட்சி செல்லுபடியானது. 927-இல் வடக்கிலிருந்த நார்தம்பிரியா நாட்டையும் சேர்த்துக்கொண்ட பேரன் ஏதெல்ஸ்டனுக்கே அந்தப் பெருமை உரியது. 'பிரிட்டன் முழுமைக்கும் அரசன்' என லத்தீனில் சுருக்கிப் பொறித்த காசுகளை வெளியிட்டவரும் அவரே.

ஆல்ஃபிரட்டின் தந்தை ஏதெல்வுல்ஃபின் மகன்கள் நால்வர் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறினர். 871-இல் மூன்றாமவர் இறந்தபோது அவருடைய பிள்ளைகள் சிறுவர்கள், டேனியப் படையோ நாட்டுக்குள். ஆகவே தம்பி ஆல்ஃபிரட் முடிசூடினார். அந்த அண்ணன் மகன் ஏதெல்வோல்டு, 899-இல் சிற்றப்பா இறந்ததுமே கலகம் செய்தார். (பங்காளிச் சண்டை எங்கும் உண்டு போலும்.)

ஆல்ஃபிரட்டின் வம்சாவளியைக் கட்டுரையாளர் அப்படியே நம்பியிருப்பதுதான் வியப்பு. பழைய ஆங்கில ஆண்டுக்குறிப்பு நூலான ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் இம்மரபை வோடன் தெய்வம் வழியாக, நோவாவின் பேழையிலேயே பிறந்ததாகக் கூறப்படும் ஒரு மகனைத் தொட்டு, ஆதாம் வரை கொண்டுபோகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடும் சோழர் மரபைச் சூரியனிலிருந்தே தொடங்குகிறது. அதை எவரும் பிறப்புச் சான்றிதழாகக் கொள்வதில்லை.

திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருத்தணி.