எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திடப்பொருளில் எலக்ட்ரான்களின் நெரிசல் இடத்துக்கு இடம் அலைபோல ஏறி இறங்கும் மின்னூட்ட அடர்த்தி அலை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை எழுத முன்வந்ததற்கே முதலில் நன்றி. ஆனால் அணுக்கள் கொஞ்சம் இடம் மாறுகின்றன, எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கூடி இன்னோரிடத்தில் குறைகின்றன என்ற, இயற்பியலாளர் பையர்ல்ஸின் விளக்கத்தோடு கட்டுரை நின்றுவிட்டது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுமே, அது எங்கே? பரப்புகளைப் பொறுத்தவரை பாதிக் கதையே அதுதான்.

1996இல் கார்பினெல்லி, வைட்டரிங், பிளம்மர் முதலானோர் ஜெர்மானியப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அடுக்கு ஈயத்தைப் பரப்பிக் குளிர்வித்து இந்த அலையை நேரிலேயே படம் பிடித்தார்கள். அப்புறம் ஈயத்துக்குப் பதிலாக வெள்ளீயம். பரப்பிலுள்ள அணுக்களைத் தனித்தனியாகக் காட்டும் எஸ்டிஎம் நுண்ணோக்கியில் எடுத்த அந்தப் படங்களை உற்றுப் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தை ஒரு திசையில் வைத்தால் மூன்று அணுக்களில் ஒன்று மட்டும் பளிச்சென்று தெரியும், திசையைத் திருப்பினால் அது மங்கி மற்ற இரண்டும் தேன்கூடு மாதிரி ஒளிரும். முதல்முறை பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை எனக்கு.

சரி, இனி அடியிலிருக்கும் ஜெர்மானியத்தை எடுத்துவிட்டு சிலிக்கானை வையுங்கள். அதே வெள்ளீயம், அதே அளவு, அதே முக்கோண அடுக்கு. எவ்வளவு குளிர்வித்தாலும் மூன்றில் ஓர் அணு மட்டும் வேறுபட்டு நிற்கும் அந்த அலை வடிவம் வருவதில்லை, உலோகமாக நீடிப்பதும் இல்லை, மின்காப்பானாகிவிடுகிறது. ஒவ்வொரு வெள்ளீய அணுவும் அடியிலுள்ள மூன்று அணுக்களோடு பிணைந்தபின் மிச்சம் ஓர் எலக்ட்ரான். அலை உருவாக வேண்டுமென்றால் சில அணுக்களில் அவை கூடுதலாகச் சேர வேண்டும். ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும், அந்த விலக்கலுக்குச் செலவாகும் ஆற்றல் அதிகமானால், பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டாகப் பிடித்துக்கொள்வது போல ஒவ்வொன்றும் தன் அணுவிலேயே தங்கிவிடுகிறது. இதைத்தான் இயற்பியலாளர் மாட்டின் பெயரால் மாட் மின்காப்பான் என்கிறார்கள்.

இதற்காக விலக்கல் எப்போதும் அலைக்கு எதிரி என்று எழுதிவிட வேண்டாம். பக்கத்து அணுக்களிலுள்ள எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கல், ஓரிடம் நிறைந்து அடுத்த இடம் குறையும் ஏற்பாட்டுக்குத் துணை நிற்கும். 1999இலேயே சாந்தோரோ, ஸ்காண்டோலோ, தொசாத்தி மூவரும் ஒரே அணுவுக்குள் இருக்கும் விலக்கல், பக்கத்து அணுக்களுக்கு இடையிலான விலக்கல் இரண்டையும் சேர்த்தே கணக்கிட்டுக் காட்டினார்கள். அணுக்கள் மேலும் கீழும் அசைவதும் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த கட்டுரையில் ஜெர்மானியப் படத்தின் பக்கத்திலேயே சிலிக்கான் படத்தையும் போடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் கண்ணில் படும்.

இயற்பியல் ஆய்வு மாணவி,
திருச்சி