புது மாத்திரை ஒன்று, பழைய மாத்திரை மூன்று

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய, புது டாக்டரின் மருந்துச் சீட்டு போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து புரியாமல் இல்லை. பெரியாஸ்பத்திரி மருந்து கவுண்டரில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு டாக்டர் கையெழுத்து ஒரு பொருட்டா? அதில் அமியோடரோன் மட்டும்தான் இருக்கிறது. ஏற்கெனவே நீ சாப்பிடுகிற, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற அசிட்ரோம், துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற டிகாக்சின், மெட்டோப்ரோலால் மூன்றையும் காணவில்லை. கேட்டால், "அதெல்லாம் பழைய டாக்டர் கொடுத்தது, அப்படியே ஓடுதும்மா" என்கிறாய். அப்படியே ஓடக் கூடாது, தம்பி. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

அமியோடரோன் நல்ல மருந்துதான். தாறுமாறாக ஓடுகிற துடிப்பை அடக்குவதில் கெட்டிக்காரன். ஆனால் கூட இருக்கிற மருந்துகளை அது சும்மா விடாது. உடம்பு அவற்றை வெளியேற்றுகிற வேலையை மந்தப்படுத்திவிடும். நீ அதே டிகாக்சினைத்தான் சாப்பிடுவாய், ரத்தத்தில் அதன் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது டிகாக்சினைப் பாதியாக்குவது வழக்கம். அசிட்ரோமும் அப்படித்தான். அதன் வேகம் கூடி, ரத்தம் உறைய வேண்டிய நேரத்திலும் உறையாது. மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ குறைக்க வேண்டி வரலாம். இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிட்டால் கவலையில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். "பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று நீ சொன்னால் அது எனக்குச் சமாதானம் ஆகாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். பரிசோதனையை ஆரம்ப வாரங்களில் அடிக்கடி செய்யச் சொல்வார்கள். உன் கணக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

குறைக்கிற வேலை டாக்டருடையது. நீயாக மாத்திரையை உடைத்து அரையாக்காதே. நானும் சொல்ல மாட்டேன். புது டாக்டர் உன் பழைய சீட்டைப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி. பார்த்திருந்தால் நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார்.

டிகாக்சின் ஏறிவிட்டால் அது காட்டுகிற அடையாளத்தைத் தெரிந்து வைத்துக்கொள். முதலில் சாப்பாடு பிடிக்காது. பிறகு குமட்டல், வாந்தி. சிலருக்குக் கண்ணில் எல்லாம் மஞ்சளாக, பச்சையாகத் தெரியும். 1785-லேயே வில்லியம் விதரிங் என்ற இங்கிலாந்து டாக்டர், ஃபாக்ஸ்கிளவ் செடியின் இலையைக் கொடுத்துப் பார்த்தபோது இதை எழுதி வைத்திருக்கிறார். டிகாக்சின் அந்தச் செடியின் சாதியிலிருந்து வருவதுதான். எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்கள், "பித்தம்மா, வாய் கசக்குது" என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருப்பார்கள். சீட்டைப் பார்த்தால் டிகாக்சின் இருக்கும். உனக்கு அப்படிப் பித்தம் வந்தால் இஞ்சியைத் தேடாதே, மணிக்கட்டில் நாடியைப் பிடி. ஒரு நிமிஷம் முழுக்க எண்ணு. உனக்குத் துடிப்பு ஒழுங்கில்லை, பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குகிற கதையெல்லாம் உதவாது. 60-க்குக் கீழே போனால் அடுத்த மாத்திரையைப் போடுமுன் டாக்டருக்குப் போன் பண்ணு. மெட்டோப்ரோலாலும் அமியோடரோனும் கூடவே இருப்பதால் இது முக்கியம். அதற்காக மெட்டோப்ரோலாலை நீயாகப் படக்கென்று நிறுத்திவிடாதே, துடிப்பு எகிறிவிடும்.

இன்னொன்று. அமியோடரோனில் அயோடின் ஏராளம். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம். மனுஷனுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். மாத்திரையில் இருக்கிற அயோடின் எல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் கலக்காது என்றாலும் தைராய்டு ஆடிப்போகக் கூடும். ஆரம்பிக்கிறபோது தைராய்டு, ஈரல் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ரத்தத்தைப் பார்ப்பார்கள். எடுத்தார்களா? நுரையீரலையும் அது பாதிக்கக் கூடும். வறட்டு இருமல், படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குதல் என்று ஏதாவது வந்தால் உடனே டாக்டரிடம் சொல். இருமலுக்கு நம் வீட்டு வழக்கப்படி அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளாதே. அது உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் விஷமாகிறது. சுதாவிடமும் சொல்லிவை. போன தரம் நான் கொடுத்தனுப்பிய பொட்டலம் சமையலறையில்தான் இருக்கும்.

கீரையை நிறுத்தவே வேண்டாம். கீரை அசிட்ரோமின் வேகத்தைக் குறைக்கும் என்று யாரோ பயமுறுத்தியதால் முருங்கைக்கீரையைத் தொடுவதில்லை என்று சுதா சொன்னாள். வாரம் எத்தனை நாள், எவ்வளவு சாப்பிடுவாயோ அதையே சீராகச் சாப்பிடு. ஒரு மாசம் சுத்தமாக விட்டுவிட்டு, கோயில் கொடைக்கு ஊருக்கு வந்து நான் வைக்கிற கீரைக்குழம்பை மூன்று நாள் வெளுத்துக்கட்டினால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். கொடைக்கு வரும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் தோலைச் சுட்டுவிடும். அம்மனுக்குப் பின்னால் உச்சி வெயிலில் நடக்காவிட்டால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

உன் ஆபீஸ் நண்பர், அசிட்ரோமுக்குப் பதிலாக, அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாத புது மாத்திரை இருக்கிறதே என்றாராம். இருக்கிறது, பலருக்கு நல்லதும்கூட. உனக்கு ஏன் தரவில்லை என்றால், உன் கதை வேறு. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, 21 நாளைக்கு ஒரு தரம் பெனிசிலின் ஊசிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போவேனே, அந்தக் காய்ச்சல்தான் உன் இதய வால்வைச் சுருக்கியது. அப்படி வால்வு கெட்டுத் துடிப்பும் தவறிய சுமார் 4,500 பேரை 24 நாடுகளில் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. ரிவராக்சபான் என்ற புது மாத்திரையைவிட, உன்னுடைய அசிட்ரோம் வகை மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் சாவு குறைவாக இருந்தது. பழசு என்பதால் மட்டமில்லை.

மெடிக்கல் கடையில் அட்டையை வெட்டித் தரச் சொல்லாதே. வெட்டினால் பெயரும் மில்லிகிராமும் அந்தப் பக்கம் போய்விடும். அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று பல அளவில் வருகிறது, கடைப்பையன் அவசரத்தில் எதை எடுத்தான் என்று வெட்டிய துண்டில் தெரியாது. "இந்தக் கம்பெனி இல்லை சார், அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்றால் வேறு கடைக்குப் போ. முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் என்று கவுண்டரில் கேட்டு வாங்குகிற பழக்கத்தை இன்றோடு விடு, அவை உன் மருந்துகளோடு மோதும். எது வாங்கினாலும் நாலு மாத்திரையின் பெயரையும் சொல்லிவிட்டு வாங்கு. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதே.

மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, மயங்கி விழுந்தாலோ, வாய் கோணினாலோ, கை திடீரென்று தொங்கிப்போனாலோ என்னைக் கூப்பிடாதே. 108-ஐக் கூப்பிடு. புனேயிலும் அதே நம்பர்தான்.

திங்கட்கிழமை வரை தள்ளாமல் இன்றைக்கே பழைய டாக்டருக்குப் போன் போட்டு, அமியோடரோன் சேர்த்திருப்பதைச் சொல். டிகாக்சின் இனி எவ்வளவு, அசிட்ரோம் எவ்வளவு, அடுத்த ஐ.என்.ஆர். எந்தத் தேதி, மூன்றையும் கேட்டு எழுதி எனக்குப் போட்டோ அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அம்மா