ஜாக்கெட் சரி, தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கேரவனில் பனிச்சறுக்குக்குப் போவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஜாக்கெட், கையுறை, கண்ணாடி என்று அரைப் பக்கத்துக்குப் பட்டியல். தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன ஜனவரியில் டென்வரில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஒரு ஆர்.வி.யை (கேரவனுக்கு அங்கே அதுதான் பெயர்) வாடகைக்குப் பேசி, பிரெக்கன்ரிட்ஜ் என்ற மலை ஊரில் மூன்று நாள் ஸ்கீ என்று திட்டம் போட்டார். வண்டியை எடுக்கப் போன அன்றுதான் வாடகைக் கம்பெனியில் சொல்கிறார்கள், குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் விடக்கூடாதாம். உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க உள்ளே ரோஸ் நிறத் திரவம் ஊற்றி வைத்திருக்கிறார்களாம். ஷவர், சிங்க் எல்லாம் படத்தில் பார்த்துப் பணம் கட்டியாயிற்று! முன்னாலேயே சொல்ல வேண்டாமா?

மகளும் மாப்பிள்ளையும் முழித்தார்கள். எனக்கு இது புதுசா என்ன? 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம், நங்கநல்லூரில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவள் நான். ஐந்து காலன் கேன் நான்கு வாங்கி வண்டிக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு அப்புறம்தான் கழுவுவது. முகம் கழுவ ஆளுக்கு ஒரு மக். கழிவறையில் ஊற்றவும் அந்த ரோஸ் திரவம்தான். கடையில் பார்த்து வாங்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது வேறு, அது விஷம்.

முதல் ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. எரிவது காஸில்தான், ஆனால் சூட்டைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. பேரன் ஸ்கீ ஜாக்கெட்டோடு தூங்கினான். கதவோரக் கேனில் காலையில் பாலாடை மாதிரி ஐஸ். மறுநாளே கரண்ட் இணைப்பு உள்ள இடத்துக்கு மாறினோம்.

அந்த ஊர் 9,600 அடி உயரம், ஊட்டியைவிட அதிகம். தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சாதம் வெந்தபாடில்லை. “எதுக்கும்மா இது?” என்று மகள் சிரித்த என் மூன்று லிட்டர் குக்கர்தான் காப்பாற்றியது. அவர்கள் சறுக்கினார்கள், நான் கேன்களுக்குக் காவல் இருந்தேன்.

இங்கிருந்து மணாலிக்கு வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒன்று. அமெரிக்க ஆர்.வி.யில் இருப்பது புரொப்பேன் காஸ். மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கிறது, அது 0 டிகிரிக்குக் கீழே திரவமாகவே தங்கிவிடும். மணாலி பக்கத்துச் சோலாங்கில் ராத்திரி அடுப்பு சிம்முக்கு மேல் ஏறாவிட்டால் ரெகுலேட்டரைத் திட்டாதீர்கள்.

எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு குடும்பங்கள் டிசம்பரில் கிளம்புகின்றன, உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு. அதற்குள் தண்ணீர், காஸ், பேட்டரி பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

– ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை-61