வழிகாட்டிய அந்த அண்ணனுக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்ட ஓர் அண்ணனுக்காக இந்தப் பதிவு.

எங்கள் ஆர்வியில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீடு மாதிரியான வண்டியில், புரொப்பேன் கேஸ் டேங்க் வண்டிக்கு அடியிலேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. கழற்றும் சிலிண்டர் என்றால் காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிவிடலாம்; இதை நிரப்பவோ வண்டியையே கொண்டுபோக வேண்டும். விசாரித்த இடமெல்லாம் சிலிண்டர் மாற்றித் தருபவர்கள்தான். குளிர் வேறு ஏறிக்கொண்டிருந்தது, ஹீட்டருக்கு அந்த கேஸ்தான் கதி. பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த அவர், விஷயம் தெரிந்ததும் தானே முன்னால் ஓட்டி, பெரிய வண்டி திரும்ப இடமுள்ள, கேஸ் நிரப்பும் நிலையம்வரை எங்களைக் கூட்டிப்போனார்.

அதோடு போய்விடவில்லை. அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி எல்லோரையும் கீழே இறக்கினார். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, சூடேறினால் திரவம் விரியும், மீதி இடம் அதற்குத்தான் என்று என் மகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கடைசியில் மண்ணில் முழங்கால் போட்டு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி கிளம்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் செய்வார்கள் இவ்வளவு?

பணம் நீட்டினேன், வாங்கவே இல்லை. அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால், எங்கள் குடும்பம் மொத்தமும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ரொம்ப ரொம்ப நன்றி.