பாப்பாவுக்கு, எள் நூடுல்ஸ் பக்குவம்

அன்புள்ள பாப்பா,

ஸ்டுட்கார்ட்டில் வெயில் தாங்கவில்லை, வேலை முடிந்து வந்தால் அடுப்புப் பக்கம் போகவே பிடிக்கவில்லை என்றாய். ராத்திரி ரொட்டியும் சீஸும் தின்றுவிட்டுப் படுக்கிறாயே என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கும்தான். தைவானில் சின்ச்சூ ஊரில் நாம் சாப்பிட்ட எள் நூடுல்ஸை எப்படிச் செய்வது என்று கேட்டாயல்லவா, போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதியே அனுப்புகிறேன்.

நீ அப்போது பாலர் பள்ளி. சிங் ஹுவா பல்கலைக்கழகத்தை ஒட்டிப் போகும் குவாங்ஃபு சாலை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குமோ தெரியாது. தைவானில் கோடை வந்துவிட்டால் லியாங்மியன் என்கிற இந்த ஆறிய நூடுல்ஸ் இல்லாத இடமே கிடையாது. செவன் இலெவன் கடைகளில்கூட டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். மஞ்சள் கோதுமை நூடுல்ஸ், மெலிதாகச் சீவிய வெள்ளரிக்காய், மேலே எள் சாஸ், அவ்வளவுதான். கூட மிசோ என்கிற சோயா விழுதில் செய்த சூப் தருவார்கள். அதில் மீன் சாறு இருக்கும் என்பதால் நாம் வாங்கியதில்லை.

இதில் எல்லாமே எள் விழுதுதான். சீனர்களின் விழுது நன்றாக வறுத்த எள்ளில் அரைத்தது, பழுப்பாக, மணமாக இருக்கும். உன் தெருவில் துருக்கிக்காரர் கடையில் கிடைக்கும் தாஹினி என்கிற எள் விழுது வெளிறியது, வறுப்பு குறைவு. அதையே வாங்கு, தப்பில்லை. ஆனால் ஆசியக் கடையில் வறுத்த எள்ளில் ஆட்டிய கருஞ்சிவப்பு எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் கட்டாயம் வாங்கிக்கொள். அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது. அந்த மணம் அதில் வராது. நூடுல்ஸ் ஒட்டாமலிருக்க அதைத் தடவலாம், அதற்கு ரொம்ப நல்லது.

இருவர் சாப்பிடும் அளவுக்கு மூன்று மேசைக்கரண்டி தாஹினி. அதில் வெதுவெதுப்பான தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கு. இந்த இடத்தில்தான் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். முதல் கரண்டியிலேயே விழுது இறுகி, சிமென்ட் கலவை மாதிரி திரண்டு நிற்கும். கெட்டுப்போகவில்லை. எள்ளின் சக்கை கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. விடாமல் இன்னும் தண்ணீர் விட்டுக் கலக்கு. எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீருக்குள் பரவி, நிறம் வெளுத்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இறங்கிவரும். நாலைந்து கரண்டி பிடிக்கும். உப்பு, புளிப்பு எல்லாம் அதற்கப்புறம்தான்: சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, கறுப்பு அரிசி வினிகர் ஒன்று, சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி, அந்த வறுத்த எள் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. வினிகரில் சீனாவின் செஞ்சியாங் ஊர்ச் சரக்கு கிடைத்தால் அதையே எடு. இரண்டு பல் பூண்டை நசுக்கிக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு சேர். தைவானில் உள்ள சைவக் கடைகளில் பூண்டு, வெங்காயம் சேர்க்க மாட்டார்கள், அதனாலேயே அவர்கள் சாஸ் எனக்குச் சப்பென்றிருந்தது. நீ பூண்டை விட்டுவிடாதே.

வேர்க்கடலை வெண்ணெய் சேர்க்கலாமா என்று கேட்டாய். நியூயார்க் பாணியில் சேர்ப்பார்கள். அங்கே இந்த நூடுல்ஸைப் பிரபலமாக்கியவர் என்று சைனாடவுனில் ஹ்வா யுவான் உணவகம் நடத்திய ஷார்ட்டி டாங்கைத்தான் சொல்கிறார்கள். ஒரு கரண்டி போட்டால் சாஸ் கெட்டியாகும், ஆனால் எள் பின்னால் போய்விடும். எனக்குப் பிடிப்பதில்லை.

நூடுல்ஸ் வாங்க ஆசியக் கடைக்குப் போக முடியாத நாளில் ஸ்பகெட்டியே போதும். கொதிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போடு (அங்கே நேட்ரான் என்று விற்பார்கள்). மஞ்சள் நூடுல்ஸின் வழுக்கலும் இழுவையும் ஓரளவு வந்துவிடும். பொங்கி வழியும், பெரிய பாத்திரமாக எடு. குழையவிடாமல் வடித்து, ஒரே ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறு. பிறகு எண்ணெய் தடவி அகலத் தட்டில் பரப்பி விசிறு. தண்ணீர் தங்கினால் சாஸ் பிடிக்காமல் வழிந்தோடும். பிரிட்ஜில் மட்டும் வைக்காதே, விறைத்துப்போகும். அறைச் சூட்டுக்கு ஆறியதே போதும்.

அடுப்பு எரிவது கால் மணி நேரம்கூட இல்லை. அதையும் காலையிலேயே, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, நூடுல்ஸ் சாயங்காலத்துக்குள் கட்டியாகிவிடும். சாஸை வேண்டுமானால் முன்கூட்டிச் செய்து பிரிட்ஜில் வை, நாலு நாள் இருக்கும். இறுகினால் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொள். காரத்துக்கு மிளகாய் எண்ணெய் உன் இஷ்டம்.

கறுப்பு வினிகர் அங்கே கிடைத்ததா என்று எழுது. கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் வரும் பெரியப்பா பையனிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா